அல்பினாவின் நாற்காலியில் இரண்டு சபைகள்

கழுத்தைச் சுற்றித் துணியை இறுக்கிக்கொண்டே அல்பினா கேட்பாள்: "இந்த வாரம் உங்க ஆளு என்ன சொன்னாரு? யாராவது காதுல வாங்கினீங்களா?"

மார்மன் கழுத்து என்றால், 'உங்க ஆளு' சால்ட் லேக் நகரில் இருக்கும் சபைத் தலைவர்; தீர்க்கதரிசி என்பார்கள். கத்தோலிக்கக் கழுத்து என்றால் ரோமில் இருக்கும் பாப்பரசர். என்னைப் போல எந்தக் கோயிலுக்கும் போகாத கழுத்திடம் அவள் எதுவும் கேட்பதில்லை. ஐயோ பாவம் என்று தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கத்தரிக்கோலை எடுப்பாள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிழக்கே, நிலக்கரி தோண்டிப் பிழைத்த எங்கள் ஊரில் ஆண்களுக்கு முடி வெட்டும் ஒரே பெண் அல்பினா ஸூபான். சுரங்க வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஸ்லோவேனியக் கத்தோலிக்கக் குடும்பம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கடையைக் கையில் எடுத்தாள். சுவரில் மாதா படம், அதற்குப் பக்கத்திலேயே மார்மன் கோயில் படம் போட்ட காலண்டர். கேட்டால், "தேதி சரியாத்தானே காட்டுது? அப்புறம் என்ன?" என்பாள்.

யாருடைய தலைவருக்குச் செல்வாக்கு அதிகம் என்பதுதான் அவளுடைய நிரந்தர விசாரணை.

"எங்க ஆளு உலகத்துக்கே பெரியவரு. எந்த நாட்டுக்குப் போனாலும் தெருவெல்லாம் சனம். ஆனா தவக்காலத்து வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாதேன்னா, எதிர்க் கடையில பர்கர் தின்னுட்டு நிக்கிறதுல பாதி எங்க பசங்க. அவங்க ஆளை மாநிலம் தாண்டினா எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? ஆனா அங்க முன்னே இருந்த பெரியவர் ஒருத்தர், பொம்பளைங்களுக்கு ஒரு ஜோடி கம்மல் போதும்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்குறேன், எவ காதுலயும் ரெண்டாவது கம்மலைக் காணோம்! அவர் கிழக்கேன்னா போதும், இவங்க பாயைச் சுருட்டிட்டுக் கிளம்பிடுவாங்க."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. கடைக் கண்ணாடி அதிரும்.

அவளுடைய கேலிக்கு வசமாக அகப்படுபவர் வெர்ல். ஊரில் குழாய் அடைத்தால் வெர்லைத்தான் கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை அவரே உள்ளூர் மார்மன் சபைக்கு பிஷப். சம்பளம் கிடையாது. சில வருடம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். "எங்க பிஷப்புக்கு அங்கி உண்டு, செங்கோல் உண்டு, முத்தம் குடுக்க மோதிரம் உண்டு. உனக்கு என்னய்யா உண்டு, ஸ்பேனரா?" என்பாள். வெர்ல் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "ஸ்பேனர் இல்லாட்டி உன் கடையில தண்ணி வராதும்மா" என்பார்.

அல்பினாவின் சிரிப்பு நின்றது, அவள் மகன் டோமினிக்குக்குக் கல்யாணம் நிச்சயமானபோது. பையன் முன்பே மார்மன் சபையில் சேர்ந்துவிட்டான். பெண் கென்லி, பண்ணைக்கார லாமாரின் கடைசி மகள். கல்யாணம், வாரந்தோறும் கூடும் சபைக் கூடத்தில் அல்ல, மார்மன் கோயிலுக்குள். உள்ளே போகச் சபையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பெற்ற தாயே ஆனாலும் கத்தோலிக்கத் தாய் வெளியேதான். அப்பாவும் இல்லாத பையன். எல்லாரும் பார்க்க வெளியே ஒரு கல்யாணத்தை முதலில் நடத்தலாம்; ஆனால் அப்படிச் செய்தால் கோயிலுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி.

"பெத்தவ புல்தரையில போட்டோக்காரனோட நிக்கணுமாம்" என்றாள் என்னிடம். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலில் பங்குச் சாமியார் ஃபாதர் ஹெர்னானிடம் போனாள். நம் பிஷப் மார்மன் தலைவர்களோடு விருந்து சாப்பிடுகிறாரே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்டாள். கொலம்பியாக்காரரான அவர் தலையைச் சொறிந்தார். "விருந்துக்குக் கூப்பிடுவாங்க அல்பினா. கதவுச் சாவியைக் குடுக்க மாட்டாங்க. நம்ம வீட்டுலயே ஒரு விதியை மாத்தணும்னா எத்தனை நூறு வருஷம் ஆகும், உனக்குத் தெரியாதா?"

பிறகு வெர்லிடம் போனாள். "உன் வீட்டுச் சாக்கடைன்னா இப்பவே வந்து தொறந்துடுவேன். அந்தக் கதவு என் கையில இல்லம்மா" என்றார் அவர்.

ஒரு திங்கட்கிழமை காலை சால்ட் லேக்கிலிருந்து அறிவிப்பு வந்தது. வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்கள் இனி ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம். அன்றே கூடக் கோயிலுக்குப் போகலாம். எந்த மாநாடும் கூடவில்லை, யாரும் விவாதிக்கவில்லை. காலையில் விதி இருந்தது, மதியம் இல்லை.

ஆனால் லாமார் மசியவில்லை. மறுநாள் அல்பினாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து, தாடையில் நுரையோடு சொன்னார்: "என் மூத்த பொண்ணுங்க எல்லாம் நேரா கோயிலுக்குத்தான் போனாங்க. கடைக்குட்டி மட்டும் வெளியில தாலி கட்டிக்கிட்டா, பொண்ணுகிட்ட ஏதோ குறைன்னு ஊர் பேசும்." தாலி என்பது என் கைச்சரக்கு, அவர் சொன்னது மோதிரம்.

சவரக்கத்தி அவர் தொண்டையருகே நின்றது. நான் பத்திரிகையைக் கீழே வைத்தேன்.

வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்ல் மெல்லக் கேட்டார். "லாமார், மாசாமாசம் சபையில எழுந்து நின்னு, தீர்க்கதரிசி சொன்னா மறுபேச்சே கிடையாதுன்னு சொல்றது யாரு?"

"நான்தான்."

"நேத்து சொன்னாரு."

"வெளியில பண்ணலாம்னுதானே சொன்னாரு. பண்ணணும்னு சொல்லலையே."

"சரி. அந்தக் கத்தியைப் பிடிச்சிருக்கிறவ ஒரு தாய். அவளை எதுக்கு வெளியே நிறுத்துறேன்னு தீர்க்கதரிசி கேட்டா, ஊர் பேசும்னா சொல்லுவே?"

அல்பினா கத்தியைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். கடைசியில் லாமார், "கென்லியோட அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். அன்றைய சவரம் போல ஒரு சவரம் அவருக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லை.

கல்யாணம் மார்மன் சபைக் கூடத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நடந்தது. வளையத்தில் பூச்சரம் சுற்றியிருந்தார்கள். சாமியார்களின் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபாதர் ஹெர்னான் மார்மன் விருந்துகளில் தவறாத பச்சை ஜெல்லியைச் சந்தேகத்தோடு கிளறிக்கொண்டிருந்தார். நடத்தி வைத்தவர் வெர்ல். பேச்சு நீளவில்லை, இரண்டு இடத்தில் திக்கினார். அல்பினா வாய்விட்டு அழுதாள். நிம்மதியாக அழுதாள்.

மணமக்களின் கார் கோயிலை நோக்கிக் கிளம்பியது. கூட்டம் கலைந்தது. ஃபாதர் அங்கியில் ஒட்டிய ஜெல்லியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிஷப் வெர்ல் கோட்டைக் கழற்றிவிட்டு நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் அவர் வேலைதான். அல்பினா நேராக அவரிடம் போனாள். கை குலுக்குவாள் என்று அவர் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்தாள். கத்தோலிக்கர்கள் தங்கள் பிஷப் முன் செய்வதுபோல ஒரு முழங்காலை மடக்கினாள். கிரீஸ் கறை போகாத அந்த விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தில் உதட்டைப் பதித்தாள்.