மேடம் வீட்டு வாசல் வழியே

முழங்கால் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்துபோன மேடம்தான் இன்றும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். பருத்திப்பட்டில் ஐப்பசி மழை இரண்டு நாளாக விடாமல் பெய்திருந்தது. தெருக்கள் சாம்பல் நிறத்தில் ஒன்றோடொன்று கலந்து, வீடுகளெல்லாம் மெல்ல மிதந்து நகர்வதுபோல ஒரு மயக்கம். மேடம் மழைநீர் வடிகால் திட்டத்தின் பொறியாளர்; நான் அவர் அலுவலகத்தில் கணினியில் வரைபடம் போடுபவள்.

என் படத்தில் வடிகால் பெரிய சாலையோரமாக நேர்க்கோட்டில் ஏரிக்குப் போனது. யார் வீட்டையும் தொட வேண்டாம், வேலை சுலபம். முகப்பில் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று அச்சிட்ட அறிக்கையோடு அதை இணைத்தும் வைத்துவிட்டேன். மேலே அனுப்புமுன் மழையில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மேடம் என்னை அழைத்து வந்திருந்தார்.

தாழ்வான ஒரு தெருவில், செங்கல் வைத்து உயர்த்திய கட்டில்மேல் அரிசி டப்பாவை ஏற்றிக்கொண்டிருந்த பெண் எங்களைக் கண்டு வெளியே வந்தார். தொழிற்பேட்டையில் துப்புரவு வேலை செய்பவர்; சாலையோரம் நாங்கள் அளவெடுத்ததைப் பார்த்திருக்கிறார்.

“இன்னா மேடம், காவா ரோட்டோரமா வர்தாமே? தண்ணி அங்க எங்க போவுது? இப்படிக்கா இல்ல போய்க்கினு கீது!”

அவர் கைகாட்டிய சந்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி மிதந்து போனது. மேடம் அதன் பின்னால் நடந்தார். நான் அவர் பின்னால். மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நடந்தோமோ, சந்து முடிந்து தெரு திரும்பியதும் மூடி ஒரு மதிலில் மோதி, அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. மோதிய தண்ணீரெல்லாம் தாழ்வான தெருவுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அது மேடத்தின் சொந்த வீட்டு மதில்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். ஏரிக்குப் போன வாய்க்கால் ஒருகாலத்தில் அந்த வாசல் வழியாகத்தான் ஓடியிருக்கிறது. மனை வாங்கியபோது அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் படத்தில் வடிகால் கோட்டை அந்தப் பழைய வழிக்கே மாற்றிப் போடச் சொன்னார். கோடு அவர் வீட்டை எட்டியதும் என் கை நின்றது.

“ஏன் நிறுத்திட்டே? போடு.”

“முன்பக்கம் மொத்தமும் போயிடும் மேடம்.”

“தெரியும்மா. போடு.”

முன்பக்கம் இடிபடவிருந்த அந்த வரிசை வீட்டுக்காரர்கள் எதிர்ப்பு மனுவோடு திரண்டு வந்தார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த மேடத்தின் கணவர், “ஊர்ல யாரும் செய்யாததை நீ மட்டும் ஏன் செய்யணும்?” என்று கேட்டுவிட்டுப் பல வாரம் அவரோடு பேசவில்லை. மதிய உணவு டப்பாவைத் திறக்காமலே மேடம் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பார். பயமாக இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டேன். “இருக்கு. இவ்வளவும் செஞ்சு, தண்ணி இந்த வழியில போகலைன்னா?” என்றார்.

இடிக்கும் இயந்திரம் வந்த அன்று மேடம் தன் வீட்டு மதிலைத்தான் முதலில் இடிக்கச் சொன்னார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சம்மதித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

அடுத்த ஐப்பசியில் அந்தத் தாழ்வான தெருப் பெண் அலுவலகத்துக்குப் போன் செய்தார். “கட்டிலு தரையிலயே கீது மேடம்!” என்றார். போனை வைத்த மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு தெருக்களில் அன்றும் தண்ணீர் நின்றது. அந்தக் கோப்புகள் அவர் மேசையில் காத்திருந்தன.

இப்போது மேடமும் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் மழையோடு அவரைப் பார்க்கப் போனேன். முன்பக்கம் இல்லாத வீடு தெருவோடு ஒட்டி நின்றது. வாசலில், வடிகாலை மூடிய சிமெண்டுப் பலகைமேல் நாற்காலி போட்டு, குடை பிடித்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் அவர் கணவர். வணக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

“செத்த பேசாம இரும்மா,” என்றார் கண்ணைத் திறக்காமலே. “கீழ தண்ணி போவுது, கேளு.”