தட்டிய கை

ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ரத்தம் பார்ப்போம். அந்த நேரத்தில் ஒரு விளையாட்டுச் சேனலில் கூண்டுச் சண்டை ஓடும். கம்பிவலை அடைத்த எட்டு மூலைக் கூண்டு. அதற்குள் வெறுங்காலோடு இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை இறுக்கலாம், கையை முறுக்கலாம். ஒரு சண்டை முடிந்தால் அடுத்த ஜோடி வரும். படம் மங்கலாக இருக்கும். நிறங்கள் பலமுறை துவைத்த பனியன்போல வெளுத்திருக்கும். அவையெல்லாம் பல வருடங்களுக்கு முன்பே நடந்து முடிந்த சண்டைகள். மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. திரையில் தெரிவதெல்லாம் அந்த நிமிடத்தில் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகவே நம்பினேன்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் வீடு மாடியில் இருந்தது. கீழே அப்பாவின் கம்பெனி. நாலு தையல் மெஷினும் ஒரு கட்டிங் டேபிளும் இருந்தால் திருப்பூரில் அது கம்பெனிதான். பெரிய எக்ஸ்போர்ட்காரர்கள் கொடுக்கும் துணியை வெட்டித் தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில்.

சண்டையை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மாமன், அம்மாவின் தம்பி. பல்லடத்தில் ஒரு கேபிள் டிவி ஆபீசில் வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வந்து, சாப்பிட்ட கை காய்வதற்குள் ரிமோட்டை எடுத்துக்கொள்வார். இரண்டு பேரும் கூண்டுக்குள் வந்து நின்றதும் ஒருவனைக் காட்டி என்னிடம், "இவன் வுளுந்துருவான் பாரு அம்மிணி" என்பார். அவன் விழுவான். மலைபோல இருப்பவனைக் காட்டினாலும் அவன்தான் விழுவான். மாமன் வாய் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

அப்பா சண்டையைப் பார்க்க மாட்டார், டவுசரைத்தான் பார்ப்பார். "இந்த எலாஸ்டிக் ரெண்டு தொவைக்குத் தாங்காது" என்பார். ஒருவன் மூக்கு உடைந்து கிடக்கும்போது, "சைடு தையல் பிரிஞ்சிருச்சு பாரு மாப்ள" என்று கவலைப்படுவார். மாமன் தலையில் அடித்துக்கொள்வார். அம்மா சிரித்தபடி வெற்றிலைத் தட்டை நகர்த்துவார்.

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் தோளுக்கு மேலே ஒரு கண்ணால் பார்ப்பேன். குத்து விழுவதைவிட எனக்கு அதிக பயம் தட்டுவதில்தான் இருந்தது. கீழே அகப்பட்டவனின் முகம் மேலே கிடப்பவனின் கைக்குள் மறைந்துவிடும். பிறகு ஒரு கை மட்டும் வெளியே வந்து, உள்ளங்கையால் தரையைத் தட்டும். உடனே நடுவர் பாய்ந்து விலக்கிவிடுவார். "தட்டீட்டான்னா தோத்துட்டேன், வுட்டுருன்னு அர்த்தம்" என்று மாமன் சொல்லிக்கொடுத்தார். முகம் இல்லாத அந்தக் கை வார நாட்களிலும் என் கண்ணுக்குள் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒருவன் மட்டும் தட்டவில்லை. நீல டவுசர்க்காரன். அவன் கையை இன்னொருவன் தன் தொடைகளுக்கு நடுவே வைத்து வளைத்தான். நடுவர் குனிந்து அவன் முகத்தையே பார்த்தார். அவன் தலையை ஆட்டினான், தட்டவில்லை. கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். "தட்டித் தொலைஞ்சிருக்கோணும் கிறுக்கன். இனி இவன் எங்க சண்டை போடறது" என்றார் மாமன். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் வீரன் என்று நான் நினைத்தேன்.

அந்த வருடம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்பு எதிர்க் கம்பெனியின் ஷட்டர் ஒரு காலையில் திறக்கவில்லை. அந்த வீட்டுக்காரர், மனைவி, என்னோடு பள்ளிக்கு வந்த அவர்கள் மகள், மூவரும் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கடன் தாங்க முடியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர்களுடைய நாய் மட்டும் ஷட்டருக்கு முன்னால் படுத்திருந்தது. எங்கள் கம்பெனியிலும் சத்தம் குறைந்தது. கட்டிங் மாஸ்டர் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அப்பா சாப்பிட்ட தட்டில் சோறு மிஞ்சியது. அம்மா ஜன்னலருகே நின்று எதிர் ஷட்டரைப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

ஒரு ஞாயிறு டிவியில் விளம்பரம் ஓடியபோது தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். கதவருகே நின்றுவிட்டேன். உள்ளே மாமன் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மச்சான் தாங்க மாட்டாருக்கா. தீவாளிக்குள்ள வுளுந்துருவாரு. நீயாச்சும் சொல்லு."

அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

அப்பாவை விழவைக்கப் போவது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அடுத்த வாரமே ஒருவர் காரில் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, டெய்லராக இருந்து, பெரிய கம்பெனிக்கு முதலாளி ஆனவர் என்று அம்மா சொன்னார். கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்தன. இடது காது கசக்கிய துணிபோல மடங்கியிருந்தது. கூண்டுக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்கும். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார், சீக்கிரம் விடவில்லை. நான் மாடிப்படியின் கம்பிக்குள் முகத்தைப் பதித்தபடி அந்தக் கையையே பார்த்தேன். அப்பாவின் முழங்கை அவருடைய மணிக்கட்டு அளவுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பள்ளி விட்டதும் படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினேன். "மேல வந்து எழுதாம இங்க எதுக்குங் கண்ணு?" என்று கேட்டார் அம்மா. காற்று வருகிறது என்றேன். கார் சத்தம் கேட்டால் கை தானாகப் பென்சிலை இறுக்கியது. மாமன் வந்த ஞாயிறுகளில் அவர் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் நடுவில் போய் நின்றுகொண்டேன். அவர் வாயைத் திறந்தால் ஏதாவது பேச்சுக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், சனிக்கிழமை காலை. கார் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரத் தலையோடு படிக்கு ஓடிவந்தேன். பாதிப் படியிலிருந்தே தெரிந்தது. அப்பா கட்டிங் டேபிளின்மேல் குனிந்திருந்தார். அவர் பின்னால் அந்த ஆள். பருத்த கை அப்பாவின் கழுத்தைச் சுற்றித் தோளில் கிடந்தது. அப்பாவின் முகம் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, உள்ளங்கையால் தட்டியது. தட்டித் தட்டி நின்றது. மறுபடி தட்டியது.

நடுவர் யாரும் இல்லை. இரண்டு தையல்கார அக்காக்கள் தலை குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. அப்பாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தொங்கினேன்.

"தட்டாதீங்கப்பா! தட்டாதீங்க!"

"அட வுடு கண்ணு, லே நவுந்துருச்சு பாரு" என்றார் அப்பா. அப்போதுதான் அவர் கைக்குக் கீழே துணி இருந்ததைப் பார்த்தேன். அடுக்கடுக்காக விரித்த வெள்ளைத் துணி. அந்த அடுக்கைத்தான் 'லே' என்பார்கள். அடுக்குகளுக்கு நடுவே காற்று தங்கினால் வெட்டு கோணலாகிவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் உள்ளங்கையால் தட்டிப் படியவைப்பார்கள். அது கட்டிங் மாஸ்டரின் வேலை. கத்தி ஓடும் மெஷின் இருப்பதால் என்னை அந்த டேபிளுக்குப் பக்கத்தில் விட்டதே இல்லை.

அந்த ஆள் கையை எடுத்துக்கொண்டு சிரித்தார். "என்ன பாப்பா, அப்பாவ விடமாட்டுக்கியே?" பிறகு அப்பாவிடம், "அப்ப திங்கக்கெழம வந்திருங்க அண்ணாச்சி. நம்ம கம்பெனியில கட்டிங் முழுசும் உங்க பொறுப்பு. மெஷின் எடுக்க சாயங்காலம் வண்டி அனுப்புதேன்" என்றார்.

"சரிங்க" என்றார் அப்பா.

நான் மணிக்கட்டை விடவில்லை. அப்பா இடது கையால் துணியைச் சரிசெய்து, இடது கையால் தட்டினார்.

சாயங்காலம் வண்டி வந்து மெஷின்களை ஏற்றிக்கொண்டு போனது. கீழே சதுரம் சதுரமாக எண்ணெய்க்கறை மட்டும் கிடந்தது.

மறுநாள் மாமன் வந்ததும் அவர் சட்டையைப் பிடித்தேன். "நீங்க சொன்னீங்க, அதான் அப்பா தோத்துட்டாரு." அழுகையில் மிச்சம் வரவில்லை. மாமன் முதலில் சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னை மடியில் உட்காரவைத்து, "அதெல்லாம் என்னைக்கோ முடிஞ்சு போன சண்டை கண்ணு. இந்த டிவிக்காரன் சனிக்கெழமையே ஒருவாட்டி போட்டுருவான். நான் பாத்துப்போட்டு வந்து உங்கிட்டச் சொல்லுவேன்" என்றார்.

"அப்பாவோடது?"

மாமன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னார்: "அதும் முடிஞ்சதுதான் சாமி. அப்பா போன மாசமே ஒத்துக்கிட்டாங்க. உங்கிட்டத்தான் சொல்லுல."

நான் படியில் காவல் இருந்த நாட்களில், காப்பாற்ற அங்கே எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

அன்று கறி எடுக்கவில்லை. அம்மா பருப்பும் வெல்லமும் வைத்து ஒப்பிட்டு சுட்டார். நெய் வாசம் படிவரை வந்தது. சுடும்போது அவர் ஏதோ முணுமுணுத்துப் பாடினார். பல மாதங்களாக அந்தக் குரலைக் கேட்டிருக்கவில்லை. அப்பா ஒரு துண்டைப் பிட்டு என் வாயருகே கொண்டுவந்தார். நான் வாயைத் திறக்காமல் அந்த வலது கையைப் பிடித்துப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன். முழங்கையை அமுக்கினேன். எங்கும் வலிக்கவில்லை என்றார். அவர் தட்டில் சோறு மிஞ்சவில்லை.

டிவியில் கூண்டுக்குள் யாரோ இருவர் வந்து நின்றார்கள். மாமன் யாரையும் காட்டவில்லை. அம்மா ஜன்னலுக்குப் போய் எதிர் ஷட்டரை ஒருமுறை பார்த்தார். ஒரு ஒப்பிட்டைக் கீழே நாய்க்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தோற்றுப்போன வீட்டில் எதற்கு இனிப்பு என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.