பூஜையில் வைத்த பெல்ட்

முதலாளித்துவம் நல்லதா, சோஷலிசம் நல்லதா என்று எழுத நான் யார்? பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் நிற்பவன். படித்தவர்கள் பேச வேண்டிய விஷயத்தில் நான் வாய் திறப்பதை முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டைப் பற்றியும் நான் எந்தப் புத்தகமும் படித்ததில்லை. சிங்காநல்லூரில் இரண்டு மில்களுக்கு நடுவே ஒரு வாரம் மாட்டிக்கொண்டு நின்றேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலை பார்த்தது அரசாங்கம் நடத்திய மில். நூல் நூற்கும் ஃபிரேம்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர் நான். ஒரு காலத்தில் அதற்கும் முதலாளி இருந்தார். அவர் நஷ்டம் என்று கைவிட்டபோது அரசாங்கம் எடுத்துக்கொண்டது. முதலாளி காலத்தில் சூப்பர்வைசர் எங்களை "டேய்" என்றுதான் கூப்பிடுவார். அரசாங்கம் வந்த பிறகு அதே ஆள் "வாங்க, போங்க" என்றார். நூல் சுற்றும் பெண்களுக்குப் பிரசவ லீவு கிடைத்தது. நினைத்த நேரத்தில் யாரையும் வெளியே தள்ள முடியாது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் மில் நின்றுபோயிருந்தது. காலையில் போய்க் கையெழுத்துப் போடுவோம், வேப்பமரத்தடியில் உட்காருவோம், சாயங்காலம் திரும்புவோம். பாதிச் சம்பளம் வந்தது. பஞ்சு கேட்டால், ஓடும் நிலையில் மிஷின் இருக்கிறதா என்று மேலாபீஸ் கேட்டது. ஒரே ஒரு ஃபிரேமை நான் சரிசெய்து வைத்திருந்தேன். மோட்டாரிலிருந்து அதை ஓட்டும் பெல்ட் மட்டும் அறுந்து கிடந்தது. பெல்ட் கேட்டால், பஞ்சே இல்லாத மில்லுக்குப் பெல்ட் எதற்கு என்று அதே மேலாபீஸ் கேட்டது. எட்டு மாதம் கடிதங்கள் இப்படியே போய் வந்தன.

என் மனைவியின் அண்ணன் பக்கத்துத் தெருவில் ஒரு தனியார் மில்லில் இருந்தார். என் மில் என்றாலே அவருக்குச் சிரிப்பு.

"ஏனுங்க மாப்ள, இன்னைக்கு எத்தன காக்கா எண்ணுனீங்க?"

"போங்க மச்சான்."

"ஒரு பெல்ட்டுக்கு எட்டு மாசமுங்களா? எங்க மில்லுல அறுந்துச்சுன்னா மொதலாளி மகனே ஸ்கூட்டர எடுத்துட்டு டவுனுக்குப் போயி அரை மணியில வாங்கிட்டு வந்துருவாரு. நீங்களே ஒண்ணு வாங்கி மாட்டிப்போட்டா என்னங்க?"

முன்பு ஒருமுறை நாலு போல்ட்டை நானே வாங்கிப் போட்டிருக்கிறேன். ஸ்டோர் புத்தகத்தில் இல்லாத போல்ட் மிஷினுக்குள் எப்படி வந்தது என்று மெமோ கொடுத்தார்கள். விளக்கம் எழுதித் தர ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தேன்.

மச்சான் பெருமை பேசும்போது நான் அவருடைய வலது கையைத்தான் பார்ப்பேன். போன வருடம் கியரில் சிக்கி இரண்டு விரல் நுனி போய்விட்டது. முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில், வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் கையை விட்டதாகச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தார். பதினோரு வருடம் உழைத்தும் மச்சான் பெயர் அந்த மில்லின் எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது.

"கார் சீட்டெல்லாம் ரத்தமுங்க. மனுசன் ஒரு வார்த்த சொல்லுல" என்று அதையும் பெருமையாகவே சொல்வார். அவரோடு வாதாட எனக்கு வராது. வந்தாலும் எந்தப் பக்கம் நின்று பேசுவது?

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு அவர் ஒரு செய்தியோடு வந்தார். அவருடைய மில்லில் ஃபிட்டர் வேண்டுமாம். முழுச் சம்பளம்.

"விஜயதசமி அன்னைக்கு ஏழு மணிக்கு மொதலாளி முன்னால நிக்கோணும். ஏழரைக்கு வந்தா வேற ஆளுங்க. அங்க ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டு வந்துருங்க."

பாதிச் சம்பளத்தில் வீட்டை நடத்திக் களைத்துப்போயிருந்த என் மனைவி "போங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். நானும் முடிவு செய்தேன். பதினெட்டு வருட வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஆயுத பூஜை அன்று, ஓடாத மிஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். பொரி கொடுத்தார்கள். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடிதத்தைக் கொடுக்க மேனேஜர் அறைக்குப் போகும் வழியில், சாமி படத்தின் முன்னால் என் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். அதன் மேலும் குங்குமம்.

"உங்க பெல்ட்டுதானுங்க" என்றார் ஸ்டோர் கீப்பர். "காலையிலதான் வந்துச்சு. புதுச் சாமானாச்சேன்னு சாமிகிட்ட வச்சுப்போட்டேன்."

"குடுங்க, இப்பவே மாட்டிர்றேன்."

"வெளையாடறீங்களா? பூஜையில வச்சத இன்னைக்குத் தொடலாமுங்களா? உங்க ஸ்பேனரும் அங்கதான இருக்குது. நாளைக்கு எடுத்துக்கலாமுங்க."

மேனேஜர் வெளியே வந்தார். வெளியூர்க்காரர், நல்ல மனிதர். "எட்டு மாசம் பொறுத்தீங்க, ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா? நாளைக்கு எட்டரைக்கு நல்ல நேரம். ஃபிரேம் ஓடட்டும். ஓடுற நிலையில இருக்குன்னு நானே கையெழுத்துப் போட்டுப் பஞ்சு கேக்கறேன்" என்றார்.

மாட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. இருந்த இன்னொரு ஃபிட்டர் முந்தின வருடமே போய்விட்டார். பெல்ட் மாட்டினால் பஞ்சு வரும், பஞ்சு வந்தால் மில் ஓடும், மரத்தடியில் இருக்கும் அத்தனை பேருக்கும் முழுச் சம்பளம். கடிதத்தைக் கொடுக்காமல் நேராக மச்சான் வீட்டுக்குப் போனேன்.

"ஒம்பது மணிக்கு வந்தா ஆகாதுங்களா மச்சான்? மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க."

"கேட்டா என்னையும் சேத்து ஊட்டுக்கு அனுப்பிருவாரு. உங்க கவர்மெண்டு எட்டு மாசம் தூங்கும், எங்க ஆளு அரை மணி நிக்க மாட்டாரு. நடுவுல நீங்க ஏனுங்க மாப்ள கெடந்து சாகறீங்க?"

இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. அரை மணியில் பெல்ட் வாங்குகிறவருக்கு மச்சான் பெயரை ஒரு நோட்டில் எழுதப் பதினோரு வருடம் போதவில்லை. என் பெயரைப் பத்து ரிஜிஸ்டரில் எழுதி வைத்தவர்களுக்கு ஒரு பெல்ட் வாங்க எட்டு மாதம். இரண்டையும் ஒரே ஆள் ஒழுங்காகச் செய்யக் கூடாதா? மில் வாசலில் மைக் பிடித்துப் பேசும் கட்சிக்காரர்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்தேன். கேட்டதில்லை.

மறுநாள் எட்டரை மணிக்குப் பெல்ட்டை மாட்டினேன். பஞ்சு இல்லாததால் ஃபிரேம் வெறுமனே கொஞ்ச நேரம் ஓடியது, மேனேஜர் கையெழுத்துப் போட்டார். தனியார் மில்லில் ஏழு மணிக்கே வேறொரு ஃபிட்டரைச் சேர்த்துக்கொண்டார்கள்.