மெஹங்கா சிங்கும் சுடுகாட்டுப் பூட்டும்

செய்தி வந்தபோது காலை பதினொன்று இருபது. ஜலந்தரில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஆசிரியர் அறையில் இருந்தேன். பேசியது கஷ்மீரோ சித்தி. எங்கள் தெருவில் அப்பாவோடு சேர்ந்து கால்பந்து தைத்தவள். அவள் அழவில்லை.

"உங்கப்பா தைச்சுக்கிட்டே இருந்தாரு, அப்படியே சாஞ்சுட்டாரு. நீ சீக்கிரம் வா. தேலு அதுக்குள்ள சமாதி கட்ட சலவைக்கல்லுக்கு ஆள் பாக்கக் கிளம்பிட்டான்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை ஓட வைத்தது.

என் அப்பா மெஹங்கா சிங்கைப் பத்திரிகைகள் சர்ச்சைக்குரிய மதத்தலைவர் என்று எழுதின. நாற்பது கிராமங்களில் அவரைச் சந்த் ஜி, அதாவது மகான், என்று கும்பிட்டார்கள். எங்கள் ஊர் குருத்வாராக் கமிட்டி அவருக்கு வைத்த பெயர் 'குருவை வெட்டினவன்'. எனக்குத் தெரிந்தவரை அவர் முழங்காலிடுக்கில் மரக்கிடுக்கியை வைத்துக்கொண்டு, இரண்டு ஊசிகளால் ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் இழுத்து, ஒரு நாளைக்கு மூன்று பந்து தைத்தவர். மற்றதெல்லாம் ஒரு சாவியால் வந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்தாள். சாவன் மாத மழை. எங்கள் காலனிக்கென்று விட்டிருந்த சுடுகாடு, செத்த மாடுகளைப் போடும் மேட்டுக்குப் பின்னால் இருந்தது. கூரை கிடையாது. அங்கிருந்து இருநூறு அடி தள்ளி நிலம் வைத்திருந்த ஜாட் சாதிக்காரர்களின் சுடுகாடு. தகரக் கொட்டகை, தண்ணீர்க் குழாய், இரும்புக் கதவு. அந்தக் கொட்டகைக்குச் செங்கல் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர். சாவி குருத்வாராக் கமிட்டித் தலைவர் தர்பாரா சிங்கிடம் இருந்தது. அப்பா அவர் வாசலில் நனைந்துகொண்டு நின்றார். தர்பாரா சிங் கடுமையாகப் பேசவில்லை.

"மழை விட்டா எரிச்சுக்கலாமே, மெஹங்கே. சாவி குடுக்கிறது எனக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு எங்க ஆளுங்க என்னையக் கேப்பாங்கல்ல?"

அம்மா எரிந்து முடிய இரண்டு நாள் ஆனது. மூன்று முறை தீ அணைந்தது. மூன்று முறையும் நான் அங்கேதான் இருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில் பிரசாதம் கொடுத்து முடித்ததும் அப்பா எழுந்து நின்றார். குருவுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று என்று இப்போதுதான் வாசித்தீர்கள், அப்படியானால் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்று கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள். அவர் வெளியே நடந்தார். பின்னாலேயே பத்தொன்பது வீட்டுக்காரர்கள் எழுந்து போனார்கள்.

காலனியில் தங்களுக்கென்று ஒரு வழிபாட்டு அறை கட்டினார்கள். வாசல் கம்பத்தில், குருத்வாராக்களில் சுற்றும் காவித்துணிக்குப் பதில் பதப்படுத்திய தோலின் நிறத்தில் துணி சுற்றினார்கள். கமிட்டிக்காரர்களின் ரத்தம் கொதிக்க அதுவே போதும். அதோடு அப்பா நிற்கவில்லை. குரு நூலில் தோல் தைத்தவர், நெய்தவர், முடி வெட்டியவர் பாடிய பாட்டுகளை மட்டும் பிரித்துத் தனிப் புத்தகமாக்கி, அந்த நூல் இருக்கவேண்டிய இடத்தில் அதை வைத்தார். தர்பாரா சிங்கைப் பிடிக்காதவர்கள்கூட அன்றைக்கு எங்களுக்கு எதிராகிவிட்டார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உயிருள்ள குருவாகக் கும்பிடும் நூலிலிருந்து பக்கம் பிரித்தால் எத்தனை பேர் நெஞ்சை அறுக்கும் என்று, வளர்ந்தபின் அவரிடமே கேட்டேன்.

"எங்க நெஞ்ச அறுத்தப்ப அவங்க யாரும் படிக்கிறத நிறுத்தலையே" என்றார், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊர்விலக்கு ஒன்பது மாதம் நடந்தது. எங்கள் பெண்கள் வயல் வரப்பில் புல் அறுக்கக்கூடாது, எந்த வீட்டிலும் எங்களுக்குப் பால் தரக்கூடாது. புல்லில்லாமல் எருமைகளை விற்றோம். ஒரு நாள் கமிட்டி ஆட்கள் கம்பும் கல்லுமாக வந்து அறைக்குள் புகுந்தார்கள். அப்பாவின் தலைப்பாகையைத் தட்டிவிட்டு வலது கைச் சுண்டுவிரலை உடைத்தார்கள். அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை. ஒன்பது விரலால் தைத்தார். பந்துக் கம்பெனிக்காரர்கள் ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை என்று கடைசிவரை பெருமையடித்துக்கொண்டார்.

அடி வாங்கிய பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. செயலாளராக தேலு ராம் வந்தான். புத்தகத்துக்குப் பக்கத்தில் அப்பாவுக்கு வெல்வெட் நாற்காலி வந்தது. ஆட்கள் அவர் காலைத் தொட்டார்கள். எல்லோரும் ஒன்று என்று வெளியே வந்த மனுஷன் தனி உயரத்தில் உட்காரலாமா என்று சண்டை போட்டேன். "கீழ உக்காந்தா நம்ம சனத்துக்கே என்னையத் தெரியாது" என்றார். அன்றிலிருந்து ஆறு வருடம் நான் அந்த அறைக்குள் போகவில்லை. வருடாவருடம் வைசாகித் திருநாளுக்குக் கம்பத்தில் மாற்றும் துணியை அவரே தைப்பதைப் பார்க்க மட்டும் வாசல்வரை வருவேன். அதையும் பந்து தைப்பதுபோல் மெழுகு நூலில், இரண்டு ஊசியில் தைப்பார். புயலில்கூடப் பிரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அறைக்குள் குழி வெட்டச் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தான் தேலு.

"சந்த் ஜி எரியிறவரு இல்ல, அக்கா. இங்கேயே வச்சு மேல கல்லு பதிச்சா சனம் வந்துக்கிட்டே இருக்கும்."

"உனக்குத்தான் சந்த். எனக்கு அப்பா. தன்னை எங்க எரிக்கணும்னு அவரு நூறு தடவ சொல்லியிருக்காரு. உன் காதுலயும் விழுந்திருக்கும்."

கஷ்மீரோ சித்தி காலால் அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் பாடையின் முன்பக்கம் போய் நின்றாள். பெண்களே தூக்கினோம். ஆண்கள் விறகைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

தகரக் கொட்டகை போட்ட அந்த ஜாட் சுடுகாட்டு வாசலில் தர்பாரா சிங்கின் மகன் ராஜ்வந்த் முப்பது பேரோடு நின்றான். ஒரு இன்ஸ்பெக்டரும் இருந்தார். யாரும் பூட்டை உடைக்கக்கூடாது, உடைத்தால் உள்ளே போடுவேன் என்றார். குருவை வெட்டினவனுக்கு இங்கே இடமில்லை என்றான் ராஜ்வந்த். நான் பஞ்சாயத்துப் பதிவேட்டின் நகலைக் காட்டினேன். அது ஊர்ப் பொதுநிலம்.

"காகிதத்த நீட்டினா பூட்டு தொறந்துக்குமா, டீச்சர்?"

சித்தி கதவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தக் கதவை மாட்டியதே எங்கள் தெரு ஆட்கள். அது இரண்டு இரும்பு முளைகளில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது என்று காலனியில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ தொறக்க வேணாம் தம்பி. உன் பூட்டு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

எட்டுப் பேர் ஒரு பக்கக் கதவை முளையிலிருந்து தூக்கிச் சங்கிலியோடு சுவரில் சாய்த்தார்கள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. இன்ஸ்பெக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். கற்கள் வந்தன. ஒன்று என் தோளில் பட்டது. யாரும் பாடையைக் கீழே வைக்கவில்லை.

நான் தீ வைத்தேன். தகரக் கூரையின் கீழ், காய்ந்த விறகில், அப்பா ஒரே மூச்சில் எரிந்தார். தீ ஒரு முறைகூட அணையவில்லை.

எங்களில் பதினொரு பேர்மேல் வழக்கு இருக்கிறது. பூட்டை உடைத்ததாக அதில் எழுத முடியவில்லை. இனி நாற்காலியில் யார் உட்காருவது என்று தேலு கேட்டான். அதைத் தூக்கி முற்றத்தில் போட்டேன். சித்தி அதில் உட்கார்ந்து பந்து தைக்கிறாள். முதுகுக்கு நன்றாக இருக்கிறதாம்.

அன்று அப்பா தைத்துக்கொண்டிருந்தது இந்த வருடத்துக் கம்பத்துத் துணி. மூன்றாம் நாள் வைசாகி. முடித்துத் தரட்டுமா என்று சித்தி கேட்டாள். வேண்டாம் என்றேன். இருந்தபடியே ஏற்றினோம். அதன் கீழ் ஓரத்தில் ஒரு சாண் இன்னும் தைக்கப்படவில்லை.