பதின்மூன்றாவது கவுன்

துணி போதாது என்று டெய்லரக்கா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. சட்டைக்குக் கொண்டுவந்த துணியில் ஒரு கைக்குட்டையும் தைத்துக் கொடுத்துவிடுவாள். பள்ளி நடனத்துக்குப் பதின்மூன்று கவுன் என்றதும் கடையிலிருந்த பச்சைத் துணி முழுவதையும் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இருபத்திரண்டரை மீட்டர். அந்தப் பச்சையில் அதற்குமேல் கிடையாது.

ஒரு கவுனுக்கு ஒன்றேமுக்கால் மீட்டர். கண்டக்டர் வேலை பார்க்கும் கணவர் செல்போனில் வகுத்து, டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் சொன்னார்:

“பன்னெண்டு புள்ளி எட்டு அஞ்சு. பன்னெண்டு கவுன் வரும். மிச்சம் எண்பத்தஞ்சு சென்டிமீட்டர். பதிமூணாவது ஆளுக்கு இடமில்லை!”

“இது என்ன பஸ்ஸா, கம்பியைப் பிடிச்சுட்டு வான்னு சொல்ல?”

யாரை விடுவது? அடுத்த வீட்டுப் பிள்ளையை விட்டால் விடிந்ததும் வாசலில் சண்டை. நடனக்குழுவிலேயே குட்டையான தன் மகளை விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். மகள் அழவில்லை. “நான் திரை இழுக்கிறேன்மா” என்று மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுதுதொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அம்மாவுக்கு.

பன்னிரண்டையும் வெட்டி முடித்தாள். மிஞ்சிய துணியைப் பையில் போடுமுன் அளந்து பார்ப்பது அவள் பழக்கம். டேப்பை வைத்தாள். மறுபடியும் வைத்தாள்.

“ஏங்க, துணி குட்டி போட்டிருக்கு! ஒண்ணரை மீட்டர் இருக்கு!”

“போன் பொய் சொல்லுமா?”

விரல்விட்டு எண்ணினாள். பன்னிரண்டு ஒன்றேமுக்கால் இருபத்தொன்று. இருபத்திரண்டரையில் அது போனால் ஒன்றரை. சரிதானே! அப்படியானால் அந்த எட்டு அஞ்சு? பட்டென்று பிடிபட்டது.

“போன் ஒழுங்காத்தான் சொல்லுது. அது மீட்டர் இல்லை, கவுன்! ஒரு கவுன் துணியை ஏழு பங்கு போட்டா, ஆறு பங்கு கையில இருக்கு. கால் மீட்டர்தான் குறையுது. ஏறின ஆளை இறக்கிவிடப் பார்த்தீங்களே!”

“நான் சொன்னேன் சரி, நீ ஏன் தலையாட்டினே?”

பெரிய பிள்ளைகளின் அளவையே எல்லோருக்கும் போட்டது அப்போதுதான் உறைத்தது. மகளை இழுத்து நிறுத்தி, தோளிலிருந்து முழங்கால்வரை டேப்பை ஓட்டினாள்.

“கீழே ஒரு சுருக்கு வரிசை குறையும்டி. பரவாயில்லையா?”

“ரெண்டு வரிசைகூடக் குறைச்சுக்கோம்மா. ஆனா பாக்கெட் வேணும்.”

“பாக்கெட்டா! அதுக்குத் துணி வருமா?”

கணவர் செல்போனைக் கையில் எடுத்தார்.

“வேண்டாம்!” என்று தாயும் மகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.