ஒரு வரிகூட வித்தியாசமில்லை

போன வாரம் இ-சேவை மையத்தில் காத்திருந்தபோது, அங்கிருந்த பெண் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பக்க மூடியைக் கழற்றி ஊதினார். சூடான தூசியின் வாசனை வந்தது. அதில் ஏதோ குறைகிறதே என்று யோசித்தேன். மல்லி. காய்ந்த கொத்தமல்லி விதை. என் மூக்குக்குக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டும் சேர்ந்துதான் மணக்க வேண்டும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், விருதுநகர் பஜாரில் ஒரு மல்லிக் கிட்டங்கியின் மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி சென்டர் இருந்தது. கீழே மூட்டை பிரித்தால் மேலே எட்டுப் பேரும் தும்முவோம். தும்மும்போது விரல் கீபோர்டின் எந்தக் கட்டையில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பிழைகளில் பாதி தும்மல்தான் என்றால் சென்னைத் தலைமை ஆபீஸில் நம்பவா போகிறார்கள்?

அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரின் பழைய கோர்ட் தீர்ப்புகளை அடித்துக் கொடுப்பது வேலை. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டு கோப்புகளும் ஃபோன் லைன் வழியாகச் சென்னைக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நான் இங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து, இரண்டையும் ஒப்பிடச் சொல்வேன். ஒத்துப்போகாத வரிகள் மட்டும் திரையில் வரும். மூலத்தைப் பார்த்து, சரியான வரிகளை மூன்றாவது கோப்பில் சேர்ப்பேன். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடிய தொழில் அது.

சென்னைக் கம்ப்யூட்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் பக்கத்து அறையில் இருப்பதைப் போல, "இன்னைக்கு அதுக்கு உடம்பு சரியில்ல" என்றெல்லாம் சொல்வேன். இருந்தது ஒரே ஃபோன் லைன். விஸ்வநத்தம் பக்கம் எங்கேயாவது வெடித்ததாகப் பேச்சு வந்தால், சென்னையைத் துண்டித்துவிட்டு ஃபோனைச் செல்வியிடம் கொடுப்பேன். அவள் அண்ணன் அங்கே பட்டாசுக் கம்பெனியில் இருந்தார். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் மறுபடி அமெரிக்கா.

செல்விக்கு ஜோடி பாத்திமா. பஜாரில் சின்னதாகப் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள்; அப்பாவை அத்தா என்பாள்.

"யக்கா, அந்தக் குதிரை திருடுனவன் கேசு என்னாச்சு? என் கட்டுல பாதியோட நிக்கிது" என்று என்னிடம் கேட்பாள் செல்வி.

"தள்ளுபடி."

"போச்சு. அம்புட்டுப் பக்கம் அடிச்சதுக்கு ஒருத்தனையாச்சும் உள்ள தூக்கிப் போட்டிருக்கலாம்."

பாத்திமா வாய்விட்டுச் சிரிப்பாள். ஆனால் அந்த மாதங்களில் அவள் கோப்பில் வரிவரியாக விட்டுப்போயிருந்தது. சென்னையிலிருந்து இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பன்னிரண்டாவது முடித்து இரண்டு வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு, அத்தாவிடம் மாதக்கணக்கில் பேசி வாங்கிய அனுமதி அது. நின்றுவிட்டால் இன்னொரு முறை கேட்க முடியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

அப்படியிருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரின் நாற்பது பக்கங்களையும் ஒப்பிட்டேன். திரை காலியாக இருந்தது. ஒரு வரிகூட வித்தியாசமில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோருக்கும் பால்பன் வாங்கி வரச்சொல்லிவிட்டு, சென்னை ஆபீஸில் எங்கள் வேலையைக் கவனித்த மேடத்துக்கு ஃபோன் போட்டுப் பெருமையடித்தேன்.

அவர் அங்கேயே இரண்டு கோப்பையும் திறந்து மூலத்தோடு ஒட்டிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பதினேழாம் பக்கத்தை எடும்மா. கீழேர்ந்து மூணாவது வரி எங்கே?" என்றார்.

மூலத்தில் இருந்தது. இரண்டு கோப்பிலும் இல்லை.

"ஒருத்தி அடிச்சதை இன்னொருத்தி பேர்ல போட்டிருக்காங்க. இதைப் போய்ச் சந்தோஷமா சொல்றியே. யாருன்னு நாளைக்குள்ள சொல்லு. இல்லன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடு."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வி கையில் பாதி பால்பனோடு, நான் பேசியதைக் கேட்டபடி நின்றாள்.

"நாந்தான்க்கா. என் ஃபைலை அவ பேர்ல போட்டுட்டேன்."

எல்லோருடைய பாஸ்வேர்டும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரே தாளில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தது நான்தான்.

"எதுக்கு புள்ள?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலக்கா. எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றாள் பாத்திமா.

"கண்ணாடி போடுடின்னா கேக்க மாட்டேங்கா. பெருநா கழிச்சுப் பொண்ணு பாக்க வாராகளாம். கண்ணாடி போட்ட புள்ளைன்னா வேணாம்னுருவாகளாம்."

"நீ சும்மா இரு செல்வி."

மேடத்திடம் கெஞ்சி நான்கு நாள் அவகாசம் வாங்கினேன். என் கண்முன்னால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் தேறவில்லை என்றால் பாத்திமா போக வேண்டியதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடியோடு பாத்திமா படியேறி வந்தாள்.

"அத்தாவுக்குத் தெரியுமா?"

"அவுகதான் கூட்டிட்டுப் போனாக. பாக்க வாரப்ப மட்டும் கழட்டி வச்சிருன்னாக. இல்லத்தா, போட்டுக்கிட்டே நிக்கேன், வேணாம்னா அன்னைக்கே சொல்லிட்டுப் போகட்டும்னுட்டேன்."

செவ்வாய் மதியம் ஒப்பிட்டேன். வித்தியாசங்கள் வரிசையாக வந்தன. பிழைகளைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான். முக்கால்வாசி செல்வியுடையவை.

"நாலு கண்ணு வந்ததும் என்னைய முந்திட்டியோ?" என்றாள் செல்வி. பாத்திமா கீழே பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

பெருநாள் கழிந்து வந்தவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். அடிப்பதை நிறுத்தாமலே அதை எங்களிடம் சொன்னாள். சென்டர் மூடும்வரை, இரண்டு வருடத்துக்கு மேல், அதே நாற்காலியில் இருந்தாள். பக்கங்களைக் கம்ப்யூட்டரே படித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு எங்களுக்கு வேலை வரவில்லை. இப்போது அந்த மாடியில் ஒரு செல்ஃபோன் கடை. இருவரும் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது கோப்பில் சேர்த்து முடித்ததும், இருவர் அடித்த கோப்புகள் இரண்டையும் அழித்துவிட வேண்டும் என்பது விதி. தேர்ந்தெடுத்த வரிகள் மட்டும் மிஞ்சும். எது யார் அடித்தது என்று பிறகு சொல்ல முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமை, இருவரின் நாற்பது பக்கங்களை மட்டும் அழிக்காமல் விட்டுவைத்தேன். மறுநாள் காலை, கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. செல்வியுடையதை முதலில் அழித்தேன். பிறகு பாத்திமாவுடையதை.