பாதி வெட்டில் நின்ற மரம்

அத்தான் தொழிலை விட்டுவிட்டார் என்றுதான் முதலில் கேள்விப்பட்டேன். சித்தி மகள் போனில் சொன்னாள். அவளுக்கு யாரோ சொன்னார்களாம். "கத்தரியை அக்கா கையில குடுத்து, பீரோவுல வெச்சுப் பூட்டு, நானே கேட்டாலும் குடுக்காதேன்னாராம். மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சுண்ணா."

வெளிநாட்டில் இருப்பவனுக்கு இந்த அளவு செய்தி போதும். உடனே அக்காவைக் கூப்பிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பூட்டியது ஒரே ஒரு கத்தரியை. அதுவும் கிளை வெட்டுகிற பெரிய கத்தரியை.

அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். எங்கள் மலையூர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட கடை. முப்பது வருடமாக அங்கேதான். பேருந்தில் முன் இருக்கைக்காரனின் பிடரியில் நாலு முடி நீட்டிக்கொண்டிருந்தால்கூட அத்தானுக்கு இறங்கும்வரை கை துறுதுறுக்கும்.

எட்டு வருடத்துக்கு முன் அவர்கள் வீடு வாங்கியபோது, பின்பக்கம் கொடி மூடி ஒரு மரம் நின்றது. என்ன மரம் என்று விற்றவருக்கே தெரியவில்லை. அத்தான் கொடியை அறுத்தார், அடியைக் கொத்திவிட்டார், எரு போட்டார். பிறகு வருடா வருடம் குளிர் தொடங்கியதும் ஏணி போட்டு ஏறி, கடையில் செய்வதையே அதற்கும் செய்தார். பக்கத்தில் ஒட்ட வெட்டு, உச்சியில் கொஞ்சம் அடர்த்தி. பள்ளிக்கூடம் திறக்கும் நாள் பையன் மாதிரி மரம் லட்சணமாக நிற்கும். பூ மட்டும் கிடையாது.

அக்காவுக்கு அலுத்துவிட்டது. "அந்த இடத்துல ஒரு ரூம் போட்டா, தம்பி வந்தா தங்குவான்."

தம்பி என்பது நான். ஆறு வருடமாக 'அடுத்த வருஷம் வந்துடறேன்க்கா' என்று சொல்லி வருகிறவன்.

இந்த முறை மரத்தைப் பாதி வெட்டியதும் கடை திறக்க நேரமாகிவிட்டது. வெட்டிய குச்சி ஒன்று சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. அன்று நாற்றுப்பண்ணைக்காரர் சவரத்துக்கு வந்தார். முகம் முழுக்க நுரையோடு இருந்தவர் கையில் அத்தான் அந்தக் குச்சியைத் திணித்தார். அவர் இலையைத் திருப்பிப் பார்த்தார், குச்சியின் முண்டுகளைத் தடவினார், கத்தியை விலக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"பேரிக்கா மரம்ண்ணே இது! குட்டையா முண்டு முண்டா இருக்குல்ல, இதுலதான் பூக்கும். அது தேறி வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். யாரு வெட்டினது?"

"நான்தான். வருஷா வருஷம்."

"சரியாப் போச்சு. எட்டு வருஷமா பூவை வெட்டித்தான் குப்பையில போட்டிருக்கீங்க."

அத்தான் அவருடைய சவரத்தை முடித்தார். மரத்தை முடிக்கவில்லை. ஒரு பக்கம் ஒட்ட வெட்டு, மறுபக்கம் காடு. பாதியில் எழுந்து வந்த வாடிக்கையாளர் போல அது குளிர் முழுக்க நின்றது. ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து, தாங்க முடியாமல்தான் கத்தரியைப் பூட்டச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அக்கா மரத்தை எடுத்துவிட்டு அறை கட்டக் கொத்தனாரிடம் தேதி குறித்துவிட்டாள். போன வாரம் அத்தானே கூப்பிட்டார்.

"மாப்ள, நீ வந்து இருக்கப்போறியா? ஆமான்னா சொல்லு, நானே ஆள் வெச்சு வெட்டிடறேன். இல்லைன்னா அதையும் சொல்லிடு. உங்கக்கா நீ சொன்னாத்தான் கேப்பா. இத்தனை வருஷம் கெடுத்தது நான். இன்னும் ரெண்டு வருஷம் சும்மா இருந்து பாக்கணும்."

"பாக்கலாம் அத்தான்" என்றேன். எந்தக் கேள்விக்கும் நான் வைத்திருக்கிற பதில் அது.

இன்று காலை ஒரு படம் அனுப்பியிருந்தார். வெட்டாத பக்கத்துக் கிளையில் ஒரு முண்டு. அளவு தெரிய அவர் கட்டைவிரல். கீழே ஒரு வரி: 'பூவா இலையான்னு தெரியல. கொத்தனார் பத்து மணிக்கு.'

அங்கே இப்போது ஒன்பதே முக்கால். அறை வேண்டாம், நான் வந்து தங்கப்போவதில்லை என்று அக்காவிடம் ஒரு முறையாவது சொல்ல வேண்டும். சொன்னால் அழுவாள். வார்த்தைகளை மனதில் அடுக்கிக்கொண்டு எண்ணை அழுத்தினேன்.

மணி அடிக்கிறது. அத்தான் கடைக்குப் போயிருப்பார். அக்கா பின்பக்கம் இருப்பாள். போன் எப்போதும் முன் அறையில்தான் கிடக்கும்.

அடித்துக்கொண்டே இருக்கிறது.